கறுப்புத் திருவுடையும் கணக்குப் புத்தகமும்

(வானொலியில் ஒலிபரப்பான நவம்பர் மாத மறையுரையின் எழுத்து வடிவம்)



நவம்பர் பிறந்துவிட்டால் நம் கல்லறைத் தோட்டங்களுக்கு உயிர் வந்துவிடுகிறது. புல் செதுக்குகிறோம், சுண்ணாம்பு அடிக்கிறோம், பூ வைக்கிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம். இறந்துபோன அப்பா, அம்மா, பாட்டி, தாத்தா பெயர்களை ஒரு தாளில் எழுதித் திருப்பலிக்குக் கொடுக்கிறோம். இப்படிச் செய்யுங்கள் என்று எந்த அரசும் நமக்குச் சட்டம் போடவில்லை. செய்யாதீர்கள் என்று தடுக்கவும் இல்லை. ஒருவேளை தடுத்தால் என்ன ஆகும்? 'இறந்தோருக்காகச் செபிப்பது தவறு, சுரூபங்களின் முன் விளக்கு ஏற்றக் கூடாது, இதுவரை கண்ட திருப்பலி இனி கிடையாது' என்று ஒருநாள் காலையில் அரசாணை வந்தால் நாம் என்ன செய்வோம்? நம் பங்குத்தந்தை என்ன செய்வார்?

இங்கிலாந்து நாட்டின் ஒரு சின்னஞ்சிறு கிராமப் பங்குக்கு உண்மையாகவே இப்படி ஒரு சோதனை வந்தது. ஒரே பங்குத்தந்தையின் பணிக்காலத்துக்குள் அந்த நாட்டின் மறைவாழ்வு நான்கு முறை தலைகீழாக மாறியது. அந்தக் கோயிலின் கதையை இன்று நாம் சேர்ந்து சிந்திப்போம்.

அந்த ஊரின் பெயர் மோர்பாத். இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்ற மாவட்டம் இருக்கிறது. அதன் வடக்கு எல்லையில், எக்ஸ்மோர் என்னும் காற்றடிக்கும் மேட்டுநிலத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர் அது. மலைச்சரிவும் மழையும் ஆடுகளும்தான் அந்த ஊரின் சொத்து. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சுமார் 33 குடும்பங்கள் இருந்தன. குழந்தைகளையும் சேர்த்துக் கூட்டினால் 150 பேர் இருந்திருப்பார்கள். பெரும் பணக்காரர் யாரும் இல்லை. பிரபுக்கள் யாரும் அங்கே மாளிகை கட்டி வாழவில்லை. கோயில் புனித ஜார்ஜியாருக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

1520ஆம் ஆண்டு அந்தப் பங்குக்கு ஒரு குரு வந்து சேர்ந்தார். பெயர் கிறிஸ்டோபர் டிரிக்கி. அக்காலத்தில் ஊர்க் குருக்களை மரியாதையாக 'சர்' என்று அழைப்பது வழக்கம். எனவே மக்களுக்கு அவர் 'சர் கிறிஸ்டோபர்'. அவரும் டெவன் மண்ணின் பிள்ளைதான். வந்தவர் வேறெங்கும் மாறிப் போகவில்லை. 1574இல் இறக்கும் வரை, 54 ஆண்டுகள், அதே பங்கில் பணிபுரிந்தார்.

இத்தனை விவரம் நமக்கு எப்படித் தெரியும்? அவர் எழுதிய கணக்குப் புத்தகத்தின் வழியாகத்தான். கோயிலின் வரவு செலவுகளை ஆண்டுதோறும் அவரே எழுதினார். எழுதியதைக் கோயிலில் மக்கள் முன்னிலையில் உரக்க வாசித்தார். எழுத்துப் பிழை, இலக்கணம் எதையும் பொருட்படுத்தாமல், தாம் பேசும் டெவன் பேச்சிலேயே, இடையிடையே கொஞ்சம் இலத்தீன் கலந்து எழுதினார். ஆகவே அதை வாசிப்பவருக்குச் சாமியாரின் குரலே காதில் விழுகிறது. வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி அந்தக் கணக்குகளை ஆராய்ந்து 2001இல் 'மோர்பாத்தின் குரல்கள்' என்ற நூலை வெளியிட்டார். அதன்பிறகுதான் உலகம் இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது.

கணக்குப் புத்தகம் என்றால் வெறும் எண்கள்தானே என்று நாம் நினைப்போம். மோர்பாத் கணக்கில் எண்களைவிட மனிதர்களே அதிகம்.

அந்தக் கோயிலில் பல நிதிகள் இருந்தன. மாதாவுக்கு ஒரு நிதி, இயேசுவுக்கு ஒரு நிதி, புனித ஜார்ஜியாருக்கு ஒன்று, வனத்து அந்தோணியாருக்கு ஒன்று, இறந்தோருக்காக எரியும் விளக்குக்கு ஒன்று. ஒவ்வொரு நிதியும் ஒரு விளக்கை எரிய வைத்தது. ஊர் இளைஞர்களுக்குத் தனி நிதி, இளம்பெண்களுக்குத் தனி நிதி. அவற்றுக்குப் பொறுப்பாளர்களும் அவர்களே. ஆண்டு முடிவில் அந்தப் பெண்பிள்ளைகளின் கணக்கும் ஊர் முன்னிலையில் ஒப்படைக்கப்பட்டது. கோயிலின் தலைமைப் பொறுப்பு குடும்பங்களுக்கு முறைவைத்து மாறிவந்தது. குடும்பத் தலைவியாகக் கைம்பெண் இருந்தால், முறை வரும்போது அவரே பொறுப்பேற்றார்.

பணமில்லாத ஊர் விளக்கெரிக்க எங்கே போகும்? கோயிலுக்கென்று ஆடுகள் இருந்தன. மாதாவின் ஆடுகள், புனித சிட்வெல்லின் ஆடுகள் என்று அவற்றுக்குப் பெயர். ஒன்றும் இரண்டுமாக வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்து வளர்த்தார்கள். எந்த ஆடு யார் வீட்டில் இருக்கிறது, எது குட்டி போட்டது, எது செத்தது, எதன் கம்பளி எவ்வளவுக்குப் போனது என்று அத்தனையும் கணக்கில் வரும். சாகும்போது கோயிலுக்கு ஒரு தேனீக்கூட்டை எழுதி வைத்தவரும் உண்டு. தேனீ இருந்தால் மெழுகு உண்டு, மெழுகு இருந்தால் விளக்கு உண்டு. ஆண்டவர் கோயிலில் நின்று ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசைக் கவனித்தார் என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். மோர்பாத்தின் பங்குத்தந்தையும் அப்படி இரண்டு காசுகளைக் கவனித்து, கொடுத்தவரின் பெயரோடு எழுதி வைத்தவர்.

புனித சிட்வெல் என்ற பெயர் நமக்குப் புதிது. அவர் எக்ஸ்டர் நகரின் மறைசாட்சி. அவருடைய நிலத்துக்கு ஆசைப்பட்ட மாற்றாந்தாய், அறுவடைக்காரர்களை ஏவி அரிவாளால் வெட்டிக் கொன்றாள் என்பது அங்குள்ள மரபு. சர் கிறிஸ்டோபருக்கு இந்தப் புனிதைமீது தனிப்பற்று. வந்த சில காலத்துக்குள் அவருடைய சுரூபம் ஒன்றைக் கோயிலில் நிறுவினார். முதலில் சாமியாரின் பக்தியாக இருந்தது, மெல்ல மெல்ல ஊரின் பக்தியாயிற்று. சுரூபத்துக்கு ஒருவர் செபமாலை கொடுத்தார், ஒருவர் மோதிரம் கொடுத்தார். வெள்ளியில் ஒரு காலணி செய்து அணிவித்தார்கள். தங்கள் பெண்குழந்தைகளுக்கே சிட்வெல் என்று பெயரிட்டார்கள்.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்றும் எண்ண வேண்டாம். கோயில்பிள்ளைக்குக் கூலியாக வீட்டுக்கு எவ்வளவு தானியம் அளப்பது என்பதில் பல ஆண்டுகள் நீண்ட சச்சரவு ஒன்று இருந்தது. பங்குப் பணியில் இருக்கும் நமக்கு அதைப் படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, ஆறுதலும் வருகிறது. ஓட்டெடுப்பில் ஒரு பக்கம் வென்றால் போதும் என்று அவர்கள் விடவில்லை. எல்லாரும் ஒத்துவர வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கூடிப் பேசித்தான் தீர்த்தார்கள்.

1534 நவம்பரில் ஒரு திருட்டு நடந்தது. ஏணி வைத்துக் கோபுர வழியாக உள்ளே இறங்கிய திருடன், பூசைக் கிண்ணத்தையும் புனித சிட்வெல்லின் வெள்ளிக் காலணியையும் கொண்டுபோய்விட்டான். திருப்பலிக்குக் கிண்ணம் இல்லை. அப்போது முன்வந்தவர்கள் யார் தெரியுமா? ஊரின் இளைஞர்களும் இளம்பெண்களும்தான். பங்கின் பொதுப்பணத்தில் கை வைக்காமல், தங்களுக்குள் வசூல் செய்து புதிய கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்கள். இதைச் சாமியார் பெருமையோடு கணக்கில் எழுதியிருக்கிறார்.

இப்போது கறுப்புத் திருவுடையின் கதைக்கு வருவோம். நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு இறந்தோர் திருப்பலிக்குக் குருக்கள் கறுப்புத் திருவுடைதான் அணிவார்கள். மோர்பாத்தில் நல்ல கறுப்புத் திருவுடை இல்லை. தம் பங்கில் இறக்கும் ஏழையையும் மதிப்போடு அடக்கம் செய்ய வேண்டும் என்பது சர் கிறிஸ்டோபரின் ஆசை. கோயில் ஆடுகளின் கம்பளியில் பத்திலொரு பங்கு குருவுக்குச் சேர வேண்டும். அந்தப் பங்கை அவர் எடுத்துக்கொள்ளாமல் கறுப்புத் திருவுடைக்கென்று விட்டுக்கொடுத்தார். மக்களும் தங்களால் முடிந்ததைச் சேர்த்தார்கள். சில பென்ஸ், சில ஷில்லிங் என்று ஏறக்குறைய 20 ஆண்டுகள் சேமித்தார்கள். கடைசியில் 1547இல் திருவுடை வந்து சேர்ந்தது.

அதே 1547 ஜனவரியில் எட்டாம் ஹென்றி மன்னர் இறந்துபோனார். அந்த ஆண்டு முடிவதற்குள், இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதற்கென ஏற்பட்ட அறக்கட்டளைகளை ஒழிக்கும் சட்டம் வந்துவிட்டது. இருபது ஆண்டு காத்திருந்து வாங்கிய திருவுடைக்கு இனி என்ன வேலை?

அன்புக்குரியவர்களே, இதற்கு முன்பே காற்று திசைமாறத் தொடங்கியிருந்தது. 1534இல் ஹென்றி மன்னர் திருத்தந்தையோடு உறவை முறித்து, இங்கிலாந்துத் திருஅவைக்குத் தாமே தலைவர் என்று அறிவித்தார். 1535இல் ஆயர் ஜான் ஃபிஷரும் தாமஸ் மூரும் தலை கொடுத்தார்கள். அடுத்து மடங்கள் மூடப்பட்டன. மோர்பாத்துக்கு அருகிலிருந்த பார்லிஞ்சு மடமும் மூடப்பட்டு, அதன் கண்ணாடிச் சாளரம் ஒன்று மோர்பாத் கோயிலுக்கு வந்தது. 1538இல், சுரூபங்களின் முன் விளக்கெரிக்கக் கூடாது என்று ஆணை வந்தது. விளக்கு அணைந்தால் விளக்குக்கான நிதி எதற்கு? நிதி இல்லையென்றால் அதன் பொறுப்பாளர் எதற்கு? ஒவ்வொன்றாக நிதிகள் வற்றத் தொடங்கின.

ஹென்றிக்குப் பின் அவர் மகன் ஆறாம் எட்வர்ட் ஒன்பது வயதில் அரசரானார். அரசரைச் சுற்றியிருந்தவர்கள் மாற்றத்தை வேகப்படுத்தினார்கள். 1548இல் மோர்பாத்தின் தலைமைப் பொறுப்பு லூசி சீலி என்ற பெண்ணின் முறையாக வந்தது. அவர் காலத்தில்தான் இடி விழுந்தது. சுரூபங்கள் அகற்றப்பட்டன. கோயில் ஆடுகள் விற்கப்பட்டன. பொருள்கள் விலைக்குப் போயின. இளைஞர் நிதி, இளம்பெண்கள் நிதி எல்லாம் முடிந்தன. அந்த நாள்களைப் பற்றிச் சர் கிறிஸ்டோபர் பின்னர் எழுதும்போது, லூசியின் காலம் தொடங்கிக் கோயிலுக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை, கோயிலிலிருந்து எடுத்தது மட்டும்தான் என்று வருந்துகிறார். லூசியைக் குறை சொல்லும் வருத்தமன்று அது. தம் கண்முன்னே கோயில் தேய்ந்துபோனதைக் கண்ட ஒரு மேய்ப்பரின் வருத்தம்.

நாம் இங்கே சிறிது நின்று பார்க்க வேண்டும். சட்டம் எடுத்துப்போனது சுரூபத்தையும் விளக்கையும் மட்டுமல்ல. விளக்கோடு அந்த விளக்குக்குப் பொறுப்பாயிருந்த பெண்ணின் இடமும் போயிற்று. ஆட்டோடு அதை வளர்த்த வீட்டுக்கும் கோயிலுக்கும் இருந்த உறவும் போயிற்று. 33 குடும்பங்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் கோயிலில் ஏதோ ஒரு வேலை இருந்தது. இப்போது கேட்டுக்கொண்டு உட்காருவது மட்டுமே வேலை. கணக்குப் புத்தகமும் மெலிந்துபோகிறது. ஆடு, தேனீ, மோதிரம், செபமாலை எல்லாம் மறைந்து, அரசுக்குக் கட்டிய பணமும் அதிகாரிகளைப் பார்க்கப் போய்வந்த செலவுமே மிஞ்சுகின்றன.

1549 ஜூன் 9, தூய ஆவியார் பெருவிழா. அன்று முதல் நாடு முழுவதும் இலத்தீன் திருப்பலியை விட்டு, அரசு வெளியிட்ட ஆங்கில வழிபாட்டு நூலையே பயன்படுத்த வேண்டும் என்பது ஆணை. மறுநாளே டெவனில் சாம்ப்ஃபோர்டு கோர்ட்னி என்னும் ஊர் மக்கள், பழைய திருப்பலியை நிறைவேற்றும்படி தங்கள் குருவைக் கட்டாயப்படுத்தினார்கள். நெருப்பு பரவியது. டெவன், கார்ன்வால் மாவட்டங்களின் உழவர்கள் திரண்டு எக்ஸ்டர் நகரை ஐந்து வாரம் முற்றுகையிட்டார்கள்.

மோர்பாத் அமைதியான ஊர். வரி கட்டச் சொன்னால் கட்டும், விளக்கை அணைக்கச் சொன்னால் அணைக்கும். ஆனால் அந்த ஆண்டின் கணக்கில் ஒரு பகுதி நம்மைத் திடுக்கிட வைக்கிறது. வில்லியம் ஹர்லி, தாமஸ் பரேஜ், ஜான் டைம்வெல், கிறிஸ்டோபர் மோர்ஸ், ராபர்ட் சேயர் என்று ஐந்து இளைஞர்கள். அவர்கள் எக்ஸ்டர் நகருக்கு வெளியே புனித தாவீது மேட்டில் இருந்த பாசறைக்குப் புறப்பட்டபோது ஊர்ப்பணம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கிளர்ச்சியாளர்களின் பாசறை அது. அரசுக்கு எதிரான குற்றத்தை, மறைக்காமல், விளக்கெண்ணெய்ச் செலவை எழுதுவது போலக் கோயில் கணக்கில் எழுதி வைத்தார் சாமியார். அவர் திருமுழுக்குக் கொடுத்து வளர்த்த தலைமுறை அது.

முடிவு கொடூரமானது. அரசுப் படையோடு வெளிநாட்டுக் கூலிப்படையும் சேர்ந்து வந்தது. ஆகஸ்டில் எல்லாம் முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். கைகட்டப்பட்ட கைதிகள் நூற்றுக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டனர். எக்ஸ்டரை அடுத்த புனித தோமையார் பங்கின் குரு ராபர்ட் வெல்ஷ், பூசை உடையோடு தம் கோயில் கோபுரத்திலிருந்தே தூக்கிலிடப்பட்டார். மோர்பாத்தின் ஐந்து பேரும் வீடு திரும்பியதாகக் கணக்குப் புத்தகம் காட்டவில்லை.

1553 ஜூலையில் எட்வர்ட் இறந்தார். கத்தோலிக்கரான மேரி அரசியானார். மறுபடியும் திருப்பலி, மறுபடியும் பீடம். மோர்பாத்தில் அப்போது நடந்தது நம் கண்களைக் கலங்க வைக்கிறது. அரசாணைக்குப் பயந்து விற்றதாகவும் தொலைந்ததாகவும் நினைத்த பொருள்கள் ஒவ்வொன்றாக வீடுகளிலிருந்து வெளியே வந்தன. ஒருவர் வீட்டிலிருந்து மாதா சுரூபம் வந்தது. புனித ஜார்ஜியாரின் சுரூபத் தொகுதியில் நின்ற அரசன், அரசி உருவங்கள் வந்தன. வேறு வீடுகளிலிருந்து கொடியும் திருவழிபாட்டு நூல்களும் வந்தன. பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்தும் ஐந்தாறு ஆண்டுகள் வைக்கோலுக்கும் பரணுக்கும் நடுவே மறைத்து வைத்திருந்தார்கள். அவர்களை நல்ல, பிரமாணிக்கமுள்ள கத்தோலிக்க மக்கள் என்று சாமியார் மகிழ்ந்து எழுதுகிறார். கணக்குப் புத்தகத்தில் மீண்டும் காணிக்கைகள் எட்டிப் பார்க்கின்றன.

அந்த மகிழ்ச்சி ஐந்து ஆண்டுதான். மேரி அரசியின் ஆட்சியிலும் மறையின் பெயரால் மனிதர்கள் நெருப்பில் எரிக்கப்பட்டார்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது. ஏறக்குறைய 280 புரோட்டஸ்டன்ட் சகோதரர்கள் அப்படி உயிரிழந்தார்கள். நம் தரப்புக் காயங்களை எண்ணும்போது நாம் ஏற்படுத்திய காயங்களையும் எண்ணுவதே கிறிஸ்தவ நேர்மை. 1558 நவம்பரில் மேரி இறந்தார், எலிசபெத் அரசியானார். அடுத்த ஆண்டே திருப்பலி மீண்டும் தடைசெய்யப்பட்டது. பீடம் போய் மேசை வந்தது.

சர் கிறிஸ்டோபர் என்ன செய்தார்? அவர் போகவில்லை. ஊரைவிட்டு ஓடவில்லை, சிறைக்குப் போகவில்லை, தூக்குமேடை ஏறவில்லை. ஆணைக்குக் கட்டுப்பட்டு, ஆங்கில வழிபாட்டு நூலை எடுத்து வாசித்தார். பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார், மணமக்களை இணைத்தார், இறந்தவர்களை அடக்கம் செய்தார், கணக்கு எழுதினார். இன்னும் 15 ஆண்டுகளுக்கு மேல் அப்படியே பணிபுரிந்து 1574இல் இறந்தார்.

அன்புக்குரியவர்களே, இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். இவரை என்ன சொல்வது? நல்ல மேய்ப்பன் என்பதா, கோழை என்பதா?

இவர் இறந்து மூன்று ஆண்டுக்குப் பின், 1577 நவம்பர் இறுதியில், கார்ன்வாலில் லான்ஸ்டன் என்னும் ஊரில் இன்னொரு குரு கொல்லப்பட்டார். அவர் பெயர் கத்பர்ட் மெய்ன். அவரும் டெவன் மாவட்டத்துக்காரர், வடக்கு டெவனில் பிறந்தவர். முதலில் ஆங்கிலிக்கத் திருப்பணியாளராக இருந்தவர், மனம் திரும்பி, கடல் கடந்து டூவே நகரின் குருமடத்தில் சேர்ந்து குருவானார். திரும்பி வந்தால் உயிர் போகலாம் என்று தெரிந்தும் வந்தார். ஓராண்டுக்கு மேல் மறைந்திருந்து பணிபுரிந்தார், பிடிபட்டார், தூக்கிலிடப்பட்டு வெட்டப்பட்டார். 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதர்களாக அறிவித்த நாற்பது மறைசாட்சிகளில் அவரும் ஒருவர்.

ஒரே மாவட்டம், ஒரே காலம். ஒருவர் மக்களோடு தங்குவதற்காகத் திருப்பலியை விட்டார். மற்றவர் மக்களுக்குத் திருப்பலியைத் தருவதற்காக உயிரை விட்டார்.

திருஅவை யாரைப் புனிதர் என்று பீடத்தில் வைத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதில் நமக்கு ஐயமில்லை. சர் கிறிஸ்டோபர் தங்கியதற்கு விலை உண்டு. அவருடைய கடைசி ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகள், அவர் உயிராக நேசித்த திருப்பலியை ஒருநாளும் காணாமலே வளர்ந்தார்கள். மேய்ப்பரே அமைதியாகிவிட்டால் ஆடுகள் எதைப் பின்பற்றும்? இந்தக் கேள்வியை நாம் மழுப்பக் கூடாது.

ஆனால் ஏ.சி. ஒலிப்பதிவு அறையில் அமர்ந்துகொண்டு, 450 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு முதிய குருவைத் தீர்ப்பிடுவதும் எளிது. அப்போது அவர் அங்கே 40 ஆண்டுகளை நெருங்கியிருந்தார். அந்த ஊரில் பெரும்பாலோருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் அவர். ஐந்து பிள்ளைகளை எக்ஸ்டருக்கு அனுப்பி, எதிர்ப்பின் விலை என்ன என்று ஊரே கண்டிருந்தது. போய்விட்டால் இவர்களுக்கு யார் இருக்கிறார் என்று அவர் ஒருநாளாவது நினைத்திருக்க மாட்டாரா? பேதுருவும் ஒருநாள் நெருப்பருகே தடுமாறியவர்தான். அவரிடம் ஆண்டவர் விசாரணை நடத்தவில்லை. என்னை அன்பு செய்கிறாயா என்று கேட்டு, ஆடுகளை அவரிடமே ஒப்படைத்தார். சர் கிறிஸ்டோபரிடமும் அந்தக் கேள்வியை ஆண்டவர்தான் கேட்க வேண்டும், நாம் அல்ல. குருக்களாகிய நாம் செய்ய வேண்டியது வேறு. நாம் எதற்காக ஒரு பங்கில் தங்குகிறோம், எதற்காக ஒன்றை விட்டுக்கொடுக்கிறோம், அது அன்பா அல்லது வசதியா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பங்குமக்களாகிய உங்களுக்கும் மோர்பாத் ஒரு கேள்வியை வைக்கிறது. உங்கள் கோயிலில் உங்களுக்கு என்ன பங்கு? சாமியார் பார்த்துக்கொள்வார், பங்குப்பேரவை பார்த்துக்கொள்ளும் என்று இருக்கிறோமா? மோர்பாத்தின் கிண்ணம் திருடுபோனபோது இளையோர் எழுந்தார்கள். ஏனென்றால் அதற்கு முன்பே அவர்களுக்கென்று ஒரு விளக்கு, ஒரு பொறுப்பு, ஒரு கணக்கு கொடுக்கப்பட்டிருந்தது. பொறுப்பே கொடுக்காமல் வளர்த்த பிள்ளைகள் கோயிலுக்கு வரவில்லை என்று நாம் குறைப்பட முடியுமா? சுரூபங்களைப் பரணில் ஒளித்து வைத்தவர்களும் கோயிலை வேடிக்கை பார்த்தவர்கள் அல்ல. அதன் ஆட்டைத் தங்கள் தொழுவத்தில் வளர்த்தவர்கள். கையால் சுமந்ததைத்தான் மனம் கைவிட மறுக்கிறது.

மோர்பாத்தில் இன்று என்ன மிஞ்சியிருக்கிறது? புனித ஜார்ஜியார் கோயில் இன்றும் நிற்கிறது. இப்போது அது ஆங்கிலிக்கக் கோயில். 19ஆம் நூற்றாண்டில் பெரிதும் புதுப்பிக்கப்பட்டது. அங்கே செபிக்கும் சகோதர சகோதரிகளும் அதே ஆண்டவரைத்தான் கூப்பிடுகிறார்கள். வெள்ளிக் காலணியைத் திருடன் கொண்டுபோனான், விளக்குகளைச் சட்டம் அணைத்தது. மிஞ்சியது அந்தக் கணக்குப் புத்தகம்தான், அதிலுள்ள பெயர்கள்தான். தேனீக்கூடு கொடுத்தவர், ஆடு வளர்த்தவர், வசூலுக்குப் போன பெண்கள், எக்ஸ்டருக்குப் போன ஐந்து பிள்ளைகள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். ஒரு கிராமத்துக் குரு தம் மக்களின் பெயர்களை எழுதி உரக்க வாசித்தார். ஏறக்குறைய 500 ஆண்டுகள் கழித்து, ஒரு வானொலியில் அந்தப் பெயர்கள் மறுபடியும் வாசிக்கப்படுகின்றன.

தம் மக்களை மதிப்போடு வழியனுப்ப 20 ஆண்டுகள் காசு சேர்த்துக் கறுப்புத் திருவுடை வாங்கியவர் அவர். அவர் இறந்த 1574இல், அந்த நாட்டில் இறந்தோர் திருப்பலி சட்டத்துக்கு விரோதம். அவருக்காக அந்தக் கோயிலில் கறுப்புத் திருவுடை அணிந்து யாரும் பலி ஒப்புக்கொடுத்திருக்க முடியாது. அந்தக் கடனை நாம் தீர்க்கலாம். இந்த நவம்பரில் உங்கள் வீட்டு இறந்தோரின் பெயர்களை எழுதும்போது, தாளின் கடைசியில் இன்னொரு பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மோர்பாத் பங்குத்தந்தை கிறிஸ்டோபர். அவரோடு அவருடைய 33 குடும்பங்களும்.

செபிப்போம். இரக்கமுள்ள ஆண்டவரே, உமக்காக உயிர் கொடுத்தவர்களுக்கு மகுடம் அளித்தீர். அச்சத்தாலோ அன்பாலோ தங்கிவிட்டவர்களையும் உம் இரக்கத்துக்கு ஒப்படைக்கிறோம். பிரிந்து கிடக்கும் உம் பிள்ளைகளை ஒன்றுசேர்த்தருளும். இறந்த விசுவாசிகள் அனைவருக்கும் நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும். எங்கள் பங்குகளில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு விளக்கு எரியச் செய்தருளும். ஆமென்.